வாரத்துக்கு எட்டரை மாத்திரை

இருபது கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எண்ணிக்கொள்வோம். ஒன்றாம் வகுப்பில் இருக்க வேண்டிய வயது. ரத்தப் புற்றுநோய், குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களிலேயே அதிகம் வரும் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. வார்டில் நர்சு முதல் ஆயா வரை எல்லோரும் 'ஏ.எல்.எல்.' என்றே சொல்வார்கள். மாதக்கணக்கில் கீமோ ஏற்றி, முடி கொட்டி, மறுபடி முளைக்கவும் தொடங்கிவிட்டது. இனிமேல் பெரும்பாலும் வீட்டிலிருந்தே மாத்திரை. டாக்டர் கணக்கிட்டது 6-மெர்காப்டோபூரின், நாளொன்றுக்கு 60 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் மாத்திரையோ 50 மில்லிகிராம். வாரத்துக்கு 420 மில்லிகிராம் போக வேண்டும். எட்டு மாத்திரை போதாது, ஒன்பது கொடுத்தால் கூடிவிடும். ஆகவே நான்கு நாள் ஒரு மாத்திரை, மூன்று நாள் ஒன்றரை. மொத்தம் எட்டரை. இதோடு வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட், சின்னஞ்சிறு மஞ்சள் மாத்திரைகள் ஆறு. அந்த ஆறை மறதியாக அடுத்த நாளும் கொடுத்துவிட்டால் மருந்தே நஞ்சாகிவிடும். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் கணக்கு முழுவதும் மாறும், கூடினாலும் மாறும். ஏறத்தாழ இரண்டு வருடம், ஒருநாள் விடாமல், இந்தக் கணக்கைப் போடுபவர் அந்தக் குழந்தையின் அம்மா.

அந்த அம்மா கணியூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மடத்துக்குளம் பக்கத்துப் பேரூராட்சி, அமராவதிப் பாசனம். வயலும் தோப்பும் ஒருபக்கம் இருந்தாலும், வீட்டுச் செலவு ஓடுவது பல குடும்பங்களில் நூற்பாலையிலோ பனியன் கம்பெனியிலோ வரும் சனிக்கிழமைச் சம்பளத்தில்தான். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் காலையில் போனவர் ராத்திரிதான் வீடு திரும்புவார். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு, போகாத நாள் கூலியில்லாத நாள். ரத்தப் பரிசோதனைக்கு உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவைக்குப் போய்வர ஒரு முழு நாள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் என்றால் இரண்டு ராத்திரி பயணத்திலேயே போகும். ஏ.எல்.எல். பற்றிய மருத்துவ ஆராய்ச்சி என்றதும் நம் கண்முன் வருவது நுண்ணோக்கியும் மரபணுவும்தான். அவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. ஆனால் இந்த நோயை வெல்லும் அறிவில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாகவே கையில் இருக்கிறது. இந்தப் பகுதிக் குழந்தைக்குக் குறைவது, அந்த அறிவு கடைசி மாத்திரை வரை வீடு வந்து சேர்வது. அது ஏன் வந்து சேரவில்லை, எப்படிச் சேர்ப்பது என்று கண்டறிவதும் மருத்துவ ஆராய்ச்சிதான். இன்றைய நிலையில் நம் ஊரில் அதிக உயிரைக் காக்கக்கூடிய ஆராய்ச்சியும் அதுவே என்று நான் கருதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்களின் பட்டறை. அங்கே லிம்போசைட் என்ற வெள்ளணு முதிர வேண்டிய கட்டத்தில் முதிராமல், பிஞ்சாகவே நின்று, கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கும். இடம் முழுவதையும் அது அடைத்துக்கொள்வதால் சிவப்பணு குறைந்து குழந்தை வெளிறிப்போகும். தட்டணு குறைந்து அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள் விழும். நல்ல வெள்ளணு குறைந்து காய்ச்சல் விட்டு விட்டு வரும். எலும்பு வலியில் நடந்துகொண்டிருந்த குழந்தை இடுப்பில் தூக்கச் சொல்லி அழும். இவற்றில் எதுவும் இந்த நோய்க்கே உரிய அடையாளம் இல்லை. டைபாய்டு, டெங்கு, காசம், மூட்டுவாதம் எல்லாமே இப்படித் தொடங்கலாம். இங்கேதான் ஒரு விபரீதமும் நடக்கிறது. காய்ச்சலோடு வந்த குழந்தைக்கு, காரணம் தெரியாமலே ஸ்டீராய்டு கொடுத்தால் ஒரு வாரத்தில் முகம் தெளிந்துவிடும். ஊசி கைராசி என்று வீடு நம்பும். உண்மையில் ஸ்டீராய்டு இந்த நோய்க்கான மருந்துகளில் ஒன்று. அரைகுறையாக அது உள்ளே போனால் நோயணுக்கள் தற்காலிகமாகப் பதுங்கும். பிறகு மஜ்ஜையைக் குத்தி எடுத்துப் பார்த்தாலும் தெளிவாகத் தெரியாது. நாளும் போகும். காரணமில்லாமல் இழுத்துக்கொண்டே போகும் காய்ச்சலுக்கு மருந்துக்கு முன்னால் ஒரு ரத்த அணு எண்ணிக்கையும் ரத்தத் தடவல் பரிசோதனையும் செய்வது அவ்வளவு பெரிய செலவில்லை.

இனி மருந்தின் கதை. ஜவுளித் தொழிலோடு பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் சொந்தக் கதையும்கூட. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகையில் விழுந்தார்கள், ஏனென்று தெரியவில்லை. வில்ஸ் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் எலிகளை வைத்து ஆராய்ந்தார். சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் மக்கள் சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு இந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று 1931-இல் வெளியிட்டார். அதில் இருந்த பொருள்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. அடுத்த இழையைப் பிடித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர்த் துணியில் அறுவை அங்கி அணிந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் பெற்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. திருப்பூர் கதர் வணிகத்தின் மையமாக இருந்த காலம் அது. சுப்பாராவ் அமெரிக்கா போய், லெடர்லி மருந்து ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தினார். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தைகள் மருத்துவமனை நோயியல் நிபுணர் ஃபோலிக் அமிலத்தை லுக்கேமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நோய் இன்னும் வேகமெடுத்ததுபோல் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால்? சுப்பாராவ் குழு தயாரித்த எதிர்ப்பொருளான அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948 ஜூனில் கட்டுரை வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். அமினோப்டெரினின் தம்பிதான் அந்த ஆறு மஞ்சள் மாத்திரை.

ஃபார்பரின் குழந்தைகளுக்கு நோய் தணிந்தது தற்காலிகமாகத்தான். சில மாதங்களில் திரும்பி வந்தது. கட்டுரையின் தலைப்பிலேயே அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஒரு மருந்துக்குத் தப்பிய அணு மறுபடி பெருகும் என்பது புரிந்ததும், பல மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகவும் சேர்த்தும் கொடுக்கும் யோசனை பிறந்தது. ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய 6-மெர்காப்டோபூரின் 1953-இல் புழக்கத்துக்கு வந்தது. 1988-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டு வாசலில் ஆடு மாடு தொடாமல் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் 1960-களில் இவற்றையெல்லாம் ஒரு கால அட்டவணையாகக் கோத்தார். மூளை, தண்டுவடம் ஆகிய இடங்களில் ஒளியும் நோயணுவைத் தனியாகத் தாக்குவது, நோய் மறைந்த பின்னும் இரண்டு மூன்று வருடம் மருந்தை நிறுத்தாமல் தொடர்வது ஆகியவை அதில் அடங்கும். 1970-களின் தொடக்கத்துக்குள் அங்கே பாதிக் குழந்தைகள் குணமானார்கள். அதன்பின் பெரும்பாலும் புது மருந்துகளை நம்பாமல், இருக்கும் மருந்துகளின் அளவையும் வரிசையையும் காலத்தையும் ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தே பணக்கார நாடுகள் 90 சதவீதத்தை எட்டின. வெற்றியின் பெரும்பங்கு அட்டவணையைச் செதுக்கியதிலும் கடைப்பிடித்ததிலும் கிடைத்தது என்ற இந்த இடம் என் வாதத்துக்கு முக்கியம்.

இந்தியாவின் அனுபவம் இதை இன்னும் அப்பட்டமாகக் காட்டுகிறது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், டாக்டர் சாந்தா உள்ளிட்டோர் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே நடத்தினார்கள். ஆனாலும் 1970-களில் நாட்டின் பெரிய மையங்களில்கூட ஏ.எல்.எல். வந்தவர்களில் நோய் திரும்பாமல் தப்பியவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த இயன் மக்ராத்தோடு சேர்ந்து மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், அடையாறு ஆகிய மூன்று மையங்களும் 1984 தொடங்கி எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. நம் வசதிக்கு ஏற்றபடி வகுக்கப்பட்ட முறை. மருந்துகள் உலகம் அறிந்தவைதான். நான்கு ஆண்டு முடிவில் நோயின்றி இருப்பவர்கள் 45 முதல் 60 சதவீதமாக உயர்ந்தார்கள். நம் ஊர்த் திரையரங்குகளில் கதாநாயகன் கைக்குட்டையில் ரத்தம் துப்பி, காதலியை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் செத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், அடையாற்று வார்டிலிருந்து குழந்தைகள் உயிரோடு வீடு போய்க்கொண்டிருந்தார்கள். படம் மனத்தில் நின்ற அளவுக்கு வார்டு நிற்கவில்லை. 2005-இல் வெளியான இருபதாண்டுத் தொகுப்பு இன்னொன்றையும் பதிவு செய்தது. முறை ஒன்றே ஆனாலும் மூன்று மையங்களின் முடிவுகள் ஒன்றல்ல. நோய் எவ்வளவு முற்றிய நிலையில் வந்தார்கள், தொற்றிலிருந்து எத்தனை பேரைக் காக்க முடிந்தது என்பவையெல்லாம் சேர்ந்து அந்த வித்தியாசத்தை உண்டாக்கின.

மாத்திரை விஷயத்துக்குத் திரும்புவோம். வீட்டில் கொடுக்கும் மாத்திரையில் எத்தனை விட்டுப்போனால் ஆபத்து? ஸ்மிதா பாட்டியா என்ற மருத்துவரின் குழு அமெரிக்காவில் இதை ஆராய்ந்த விதம் அழகானது. மாத்திரைப் புட்டியின் மூடிக்குள் ஒரு நுண்சில்லு; மூடி திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் பதிவாகும். 700-க்கு மேற்பட்ட குழந்தைகளின் மூடிகளைப் படித்தபோது, 95 சதவீதத்துக்குக் குறைவாக மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. 95 சதவீதம் என்றால் ஏதோ தாராளமான எல்லை போலத் தெரியும். முப்பது நாளில் இரண்டு நாள் விட்டால் 93 சதவீதம். எல்லைக்குக் கீழே போயாயிற்று. குலதெய்வக் கோயில் கிடாவெட்டுக்கு ஒரு நாள், தீபாவளிக்கு ஊருக்குப் போன அவசரத்தில் ஒரு நாள், அவ்வளவுதான். மாத்திரையை விட்டவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் சாதாரண மறதிக்கு. விட்டதை ஒப்புக்கொள்ளாமல் கூட்டிச் சொன்ன குடும்பங்களும் ஏராளம்; அமெரிக்காவிலேயே அப்படி என்பதை இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வேறொரு பயனும் இந்த ஆய்வுகளால் கிடைத்தது. மாத்திரையை ராத்திரி வெறும் வயிற்றில்தான் தர வேண்டும், பாலோடு கூடாது என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அந்தக் கட்டுப்பாடுகளால் நோய் திரும்புவது குறையவில்லை, மாத்திரை விட்டுப்போவதுதான் கூடலாம் என்று தெரிந்தது. தூங்கிப்போன குழந்தையைப் பத்து மணிக்கு எழுப்பி மாத்திரையோடு போராடிய எத்தனையோ தாய்மாரின் பாடு தேவையற்றது என்று கண்டுபிடிக்கவும் ஓர் ஆராய்ச்சி வேண்டியிருந்தது.

மாத்திரை விடுவது ஒரு வகை. சிகிச்சையையே விட்டுவிடுவது இன்னொரு வகை. தொடர்ந்து நான்கு வாரம் வராவிட்டால் அதைக் கைவிடல் என்று உலக அளவில் வரையறுத்திருக்கிறார்கள். கைவிடுவதைக் குறைக்க முடியுமா என்பதற்கு வலுவான சான்று பிரேசிலின் ஏழ்மையான வடகிழக்கில் உள்ள ரெசிஃபி நகரில் கிடைத்தது. 1980-களில் அங்கே ஐந்தாண்டு நோயின்றி இருந்த ஏ.எல்.எல். குழந்தைகள் 32 சதவீதம். 1997-க்குப் பின் சேர்ந்தவர்களில் 63 சதவீதம். தனி வார்டு, பயிற்சி பெற்ற நர்சுகள், வகுத்த சிகிச்சை முறை ஆகியவற்றோடு தங்க வீடு, பஸ் காசு, சாப்பாடு, சமூகப் பணியாளர் என்று ஏற்பாடு செய்தார்கள். சிகிச்சையைக் கைவிட்டவர்கள் 16 சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தார்கள். எல் சால்வடோரில் இன்னும் எளிய காரியம் செய்தார்கள்: வர வேண்டிய குழந்தை வரவில்லை என்றால் உடனடியாகப் போன், பிடிக்க முடியாவிட்டால் ஊர்ச் சுகாதார நிலையம் வழியாக ஆள் அனுப்புவது. 13 சதவீதமாக இருந்த கைவிடல் 3 ஆனது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான ஆதரவுத் திட்டத்துக்குப் பின் அது சுமார் 20 சதவீதத்திலிருந்து ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. பத்து சதவீதக் குழந்தைகளைக் கூடுதலாகக் காப்பாற்றும் ஒரு புது மாத்திரை வந்திருந்தால் உலகப் பத்திரிகைகள் அனைத்திலும் முதல் பக்கத்தில் வந்திருக்கும். பஸ் காசு எந்தப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வராது.

'சிகிச்சையை விடுவது பெற்றோரின் அறியாமை; படித்தவர்கள் விடுவார்களா? அதுவும் காப்பீடு இருக்கும்போது?' என்ற கேள்வி உடனே வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அது இல்லாத காலத்தை நினைத்தால் இது சாதாரணமானதல்ல. ஆனால் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைத்தான் பார்க்கும். விட்டுப்போன ஷிப்டுக்கு அது கூலி தராது. வார்டுக்கு வெளியே எடுத்த அறைக்கு வாடகை தராது. வீட்டில் விட்டுவந்த இன்னொரு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாது. திருப்பூர் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், வேலை இன்னொரு மாநிலத்தில். அறியாமை என்ற சொல்லில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. குழந்தை ஆறு மாதத்தில் ஓடியாடத் தொடங்கிவிடுகிறது. ரத்தத்தில் நோயணு தென்படவில்லை என்று டாக்டரே சொல்கிறார். கடன் மட்டும் வளர்கிறது. நன்றாக இருக்கும் குழந்தைக்கு வாந்தி வரவைக்கும் மருந்து எதற்கு என்று அந்த வீடு நினைத்தால், கண்முன் இருக்கும் சான்றை வைத்து அது சரியாகவே யோசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மிச்ச அணுக்களைப் பற்றி யாரும் அதற்குப் புரியும்படி சொல்லவில்லை என்பதுதான் குறை.

அடுத்த மறுப்பு மருத்துவர்களிடமிருந்தே வரும், இதில் நியாயமும் அதிகம்: நம் குழந்தைகளின் நோயே வேறு மாதிரி, மருந்து ஏற்கும் உடம்பும் வேறு. இங்கே நோய் முற்றிய பின் வருவது அதிகம்; கடினமான டி-செல் வகையும் மேலைநாடுகளைவிடக் கூடுதலாகத் தென்படுகிறது. 6-மெர்காப்டோபூரினை உடம்பில் சிதைக்கும் வழியில் உள்ள என்.யூ.டி.டி. 15 என்ற மரபணுவின் ஒரு மாற்று வடிவம் ஐரோப்பியரிடம் அரிது. இந்தியர் உட்பட ஆசியர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. அது உள்ள குழந்தைக்கு வழக்கமான அளவே அதிகம். வெள்ளணு அடிமட்டத்துக்குப் போய்த் தொற்று வரும். எட்டரை மாத்திரை அந்தக் குழந்தைக்கு ஆறாகவோ நாலாகவோ இருக்க வேண்டியிருக்கலாம். மருந்தின் தரத்தையும் நம்பிவிட முடியவில்லை. அஸ்பராஜினேஸ் என்ற முக்கிய ஊசி மருந்தின் இந்தியத் தயாரிப்புகள் பல, எதிர்பார்த்த வீரியம் இல்லாமல் இருப்பதாக 2021-இல் இங்குள்ள ஆய்வாளர்களே எழுதினார்கள். அட்டவணையை அணுவளவும் பிசகாமல் கடைப்பிடித்த குழந்தைக்கும் புட்டியில் இருப்பது சரியில்லை என்றால் என்ன பயன்? ஆகவே உயிரியல் ஆராய்ச்சி நமக்கு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அதை இங்கே, நம் குழந்தைகளிடம் செய்ய வேண்டும். செய்தும் வருகிறார்கள். அடையாறு உள்ளிட்ட மையங்கள் சேர்ந்த 'ஐசிக்கிள்' கூட்டமைப்பு நடத்திய பெரிய ஆய்வு, நோயின் இடரை அளந்து அதற்கேற்ப மருந்தைக் கூட்டிக் குறைத்தது. இடர் குறைந்த சிறு குழந்தைகளுக்குத் தொடக்கக் கட்ட ஸ்டீராய்டு ஐந்து வாரம் வேண்டுமா, மூன்று வாரம் போதுமா என்றும் ஒப்பிட்டது. மேலைநாட்டில் பெரும்பாலும் 'இன்னும் என்ன சேர்க்கலாம்' என்று கேட்கிறார்கள். தொற்று உயிரைக் குடிக்கும் நம் நாட்டில் 'எதைக் குறைக்கலாம்' என்ற கேள்விக்கும் அதே மதிப்பு உண்டு. இந்தக் கேள்வியையும் பஸ் காசுக் கேள்வியையும் நான் ஒரே குடும்பத்தில்தான் சேர்ப்பேன்: இரண்டும் இந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகின்றன.

புது மருந்துகளின் கவர்ச்சி வேறு இருக்கிறது. 2024 டிசம்பரில் வெளியான ஆய்வில், வழக்கமான கீமோவோடு ப்ளினடுமோமாப் என்ற எதிர்ப்புரத மருந்தைச் சேர்த்த குழந்தைகளில் மூன்றாண்டு நோயின்றி இருந்தவர்கள் 96 சதவீதம். கீமோ மட்டும் பெற்றவர்களில் 87.9. மகத்தான முடிவுதான். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இரண்டாவது எண். பழைய மருந்துகளை மட்டும், வழக்கமான இடர்ப் பிரிவுக் குழந்தைகளுக்கு, முழுமையாகக் கொடுத்தாலே 88-ஐ நெருங்கலாம் என்கிறது அது. 88-க்கும் 96-க்கும் இடையே உள்ள தூரத்தை அந்த மருந்து கடக்கட்டும். நாம் நிற்கும் இடத்திலிருந்து 88 வரை போக வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற உள்நாட்டுக் கார்-டி செல் சிகிச்சை, அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு என்பதில் பெருமைப்படலாம். அப்போதும் அது பல லட்ச ரூபாய், அதுவும் 15 வயது நிறைந்தவர்களுக்கு. நோய் திரும்பி வந்த குழந்தைக்கு இவை போன்றவைதான் நம்பிக்கை என்பதை மறுக்கவில்லை. ப்ளினடுமோமாப் கீமோ அளவுக்கு வெள்ளணுவை வீழ்த்தாது என்பதால், தொற்றுக்கு அஞ்சும் இடங்களில் கீமோவின் ஒரு பகுதிக்கு மாற்றாகலாம் என்ற வாதத்திலும் பொருள் இருக்கிறது. ஆனால் அது 28 நாள் இடைவிடாமல் சிறு பம்ப் வழியாக ஏற வேண்டிய மருந்து. மாத்திரைக்கே ஆள் போய்ச் சேராத வீட்டில் பம்ப் நின்றால் யாரைக் கூப்பிடுவது? எவ்வளவு நவீனமான மருந்தும் அந்தப் பஸ்ஸில் ஏறித்தான் வர வேண்டும்.

திருப்பூர்ப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தால் கடைசியில் வந்து நிற்பது சாயத் தண்ணீரில். 'எல்லாம் இந்தச் சாயக் கழிவுதாங்க. அதை நிறுத்தினா நோயே வராது' என்பார்கள். நொய்யல் ஆறு பட்ட பாடு ஊரறிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. சில சாயப் பொருட்கள் பெரியவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயையும், பென்சீன் வேறு வகை ரத்தப் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதும் நிறுவப்பட்டது. ஆனால் குழந்தைகளின் ஏ.எல்.எல். பற்றி இதுவரை தெரிந்திருப்பது வேறு திசையைக் காட்டுகிறது. லண்டனில் மெல் கிரீவ்ஸ் போன்ற ஆய்வாளர்கள் இரட்டைக் குழந்தைகளையும், பிறந்தவுடன் குதிகாலில் எடுத்த ரத்தத் துளிகளையும் ஆராய்ந்து, முதல் மரபணுப் பிசகு பல குழந்தைகளுக்குக் கருப்பையிலேயே நடந்துவிடுகிறது என்று காட்டினார்கள். நூறில் ஒரு குழந்தையாவது அப்படி ஒரு பிசகோடு பிறக்கிறது. அவர்களில் மிக மிகச் சிலருக்கே நோய் வருகிறது. இரண்டாவது பிசகைத் தூண்டுவது, கைக்குழந்தைப் பருவத்தில் சாதாரணத் தொற்றுகளுக்குப் பழகாத உடம்பு பின்னால் ஒரு தொற்றை எதிர்கொள்ளும் விதமாக இருக்கலாம் என்பது கிரீவ்ஸின் கருத்து. முழுமையாக நிறுவப்படவில்லை, சான்றுகள் அந்தப் பக்கம் சாய்கின்றன. ஆற்றைச் சுத்தம் செய்ய ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன, செய்தே ஆக வேண்டும். ஆனால் குழந்தைக்கு நோய் வந்த வீட்டில் 'எந்தத் தண்ணியக் குடிச்சியோ' என்று தாயைக் கேட்பது விஞ்ஞானமும் ஆகாது, மனிதத்தன்மையும் ஆகாது. அவள் செய்த எதனாலும் இது வரவில்லை.

அப்படியானால் கணியூரிலிருந்து எந்த ஆராய்ச்சியைத் தொடங்கலாம்? தீவிரமான முதல் மாதங்களைப் பெரிய மையத்திலேயே வைத்துக்கொள்வோம். அங்கே அனுபவம்தான் உயிர் காக்கிறது. மாத்திரைக் காலத்தின் ரத்தப் பரிசோதனையை உடுமலை, தாராபுரம் அரசு மருத்துவமனைகளிலும், 2022-இல் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் செய்து, எண்ணிக்கையை அடையாற்றுக்கோ கோவைக்கோ போனில் அனுப்பி, அன்றே மாத்திரைக் கணக்கைத் திரும்பப் பெறலாம். பிரிட்டனில் பெரிய மையமும் உள்ளூர் மருத்துவமனையும் இப்படிப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். தமிழ்நாட்டிலோ 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ் பைகள்கூட வருகின்றன. அதே பையில் இன்னொரு அட்டை மாத்திரையும் ஒரு வார நாட்காட்டியும் வர முடியுமா? நன்மைதான் செய்யும் என்று எண்ணிக்கொண்டு தொடங்கிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பிரஷர் மாத்திரை போன்றதல்ல இது. ரத்த எண்ணிக்கை பார்க்காமல் கொடுத்தால் கொல்லக்கூடியது. சில வட்டங்களில் இந்த ஏற்பாட்டைச் செய்து, சிலவற்றில் இப்போதுள்ளபடியே விட்டு, எதில் எந்த வட்டம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, மூன்று வருடம் கழித்து எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் கடைசி வாரம் வரை நின்றார்கள், எத்தனை பேருக்கு நோய் திரும்பியது, காய்ச்சல் வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், அம்மாவுக்கு எத்தனை ஷிப்ட் மிஞ்சியது. கடைசிக் கணக்கை மருத்துவ இதழ்கள் கேட்பதில்லை. இந்த ஆய்வில் அது முதல் வரிசையிலேயே இருக்க வேண்டும்; மற்ற மூன்று கணக்குகளும் பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.